வடக்குக் காற்றில் ஓடிய எலக்ட்ரான்

“இன்னிக்கினா ஓடிச்சாடி?”

போனை எடுத்ததும் அக்கா கேட்கும் முதல் கேள்வி இதுதான். சாப்பிட்டாயா, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்பதெல்லாம் அப்புறம். எண்ணூர்க் கரையோரத்து நெட்டுக்குப்பத்திலிருந்து மீன் எடுத்துப்போய் எர்ணாவூரில் விற்றுவிட்டு, கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வெற்றிலையை வாயில் அதக்கிக்கொண்டு எனக்கு போன் போடுவாள். ஓடிச்சா என்று அவள் கேட்பது படகையோ ரயிலையோ அல்ல, எலக்ட்ரானை.

“இல்லக்கா. ஓடல.”

“இன்னாடி இது, எப்பப் பாத்தாலும் ஓடல ஓடலன்னுகினு. சரி வுடு, நாளிக்கி ஓடும்.”

அடுத்து என் முறை. “உனக்கு மூச்சு எப்டிக்கா கீது?”

“கீது. உள்ள போயி வெளிய வந்துகினு கீது.”

பல வருடங்களாக எங்கள் உரையாடல் இதுதான். அவளுக்கு என் எலக்ட்ரான் எதற்கு ஓட வேண்டும் என்பது தெரியாது. அது ஓடினால் என்ன ஆகும் என்பது மட்டும் நன்றாகத் தெரியும். அது ஓடினால் எனக்கு டாக்டர் பட்டம் வரும். பட்டம் வந்தால் தாம்பரம் தாண்டி ஒரு கல்லூரியில் எனக்கு வேலை கிடைக்கும். அங்கே ஆசிரியர்களுக்கு வீடு தருகிறார்கள். அந்த வீட்டுக்கு அக்காவும் வந்துவிடுவாள், மூச்சும் சரியாகிவிடும். இவ்வளவு பாரத்தையும் கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலக்கூறின் தலையில் தூக்கி வைத்திருந்தோம்.

நான் திருவொற்றியூரில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். நாற்பதைத் தொடும் வயதில் பகுதி நேரமாக ஆராய்ச்சிக்குப் பதிவு செய்தேன். இந்த வயதில் உனக்கு எதற்கு என்று கேட்டவர்களிடம் நான் மரியாதையாகப் பேசியதில்லை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும். அதே மூக்கைப் பற்றித்தான் பிறகு சொல்லப் போகிறேன்.

அக்காவின் மூச்சுக் கோளாறு எப்போது ஆரம்பித்தது என்று யாராலும் சொல்ல முடியாது. மாமா போய்ச் சேர்ந்த பிறகு அதிகமாயிற்று என்பாள் அவள். அனல்மின் நிலையத்துச் சாம்பல், துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் புழுதி, எங்கிருந்தோ வரும் புகை, இவற்றில் எதைச் சொல்வது? ராயபுரத்தில் ஒரு நெஞ்சு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் மருந்து எழுதினார், உறிஞ்சுகிற பம்பு எழுதினார். எழுதி முடித்துவிட்டுப் பேனாவை மூடி, “மருந்து பாதிதாம்மா செய்யும். இடத்தை மாத்துங்க” என்றார். நாங்கள் தலையை ஆட்டிவிட்டு வந்தோம். சொல்வது சுலபம்.

திருவொற்றியூரிலேயே இருந்த என் வீட்டுக்கு வந்து இருக்கச் சொன்னேன். “திருவத்தூர்ல மட்டும் இன்னா, மலைக் காத்தா அடிக்குது?” என்றாள். அதுவும் நியாயம்தான். இங்கேயும் மொட்டை மாடியில் துணி காயப்போட்டால் மாலையில் தட்டித்தான் எடுக்க வேண்டும்.

தாம்பரம் பக்கத்துக் கல்லூரியைப் பார்க்க ஒருமுறை அவளையும் அழைத்துப் போயிருந்தேன். வேலைக்கு விண்ணப்பிப்பது பற்றி விசாரிக்கப் போன இடம். உள்ளே நிறைய மரங்கள். ஆசிரியர் குடியிருப்பில் ஒரு வீடு காலியாக இருந்தது, மாடியில். அக்கா படியேறினாள். வழக்கமாக நாலு படிக்கு ஒரு தரம் கைப்பிடியைப் பிடித்து நிற்பவள், நிற்காமல் ஏறி மேலே போய் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கே ஆச்சரியம்.

“இன்னாடி, இங்க காத்துல ஒண்ணுமே இல்ல. தண்ணி குடிச்சாப்ல கீது.”

“இங்கயே இருந்துடறியாக்கா?”

“நீ வந்தா நானும் வரேன். தனியா வந்து இன்னா பண்றது, மரத்தப் பாத்துகினு குந்திகினு கெடக்கணுமா?”

அன்றைக்கு அவள் ஏறிய அந்தப் படிகள் என் கண்ணிலேயே நின்றன. என் வீட்டுக்காரர் பெரம்பூர் ரயில்வே பட்டறையில் வேலை செய்பவர். எங்கே குடிபோனாலும் ரயிலைப் பிடித்து வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார். பாக்கி இருந்தது என் பட்டம் ஒன்றுதான்.

என் வேலை இதுதான். சிலிக்கான் போல மண்ணிலிருந்து எடுக்காமல், கரியையும் ஹைட்ரஜனையும் நைட்ரஜனையும் கோத்து, மின்சாரம் கடத்தும் மூலக்கூறுகளைச் செய்வது. விலை கூடிய போன்களின் திரையில் இப்படிப்பட்டவை இருக்கின்றன. இவற்றில் நேர்மின்னைக் கடத்துபவை நிறைய வந்துவிட்டன, நன்றாகவும் வேலை செய்கின்றன. எலக்ட்ரானைக் கடத்துபவைதான் சண்டி. நான் தேர்ந்தெடுத்தது அந்தச் சண்டியை. என் ராசி அப்படி.

அக்காவுக்கு இதை நான் எங்கள் கரையை வைத்துத்தான் விளக்கினேன். படகு வந்ததும் மீன் கூடையைக் கைமாற்றிக் கைமாற்றிக் கரைக்கு இறக்குவார்கள் இல்லையா, அதுபோல ஒரு மூலக்கூறு எலக்ட்ரானை வாங்கி அடுத்ததன் கையில் கொடுக்க வேண்டும். வாங்க ஆசை வேண்டும், கொடுக்கவும் மனசு வேண்டும். பக்கத்தில் நிற்கவும் வேண்டும். தள்ளி நின்றால் கை எட்டாது.

“நடுவுல எவனாச்சும் கூடைய அமுக்கிகினா?” என்றாள் அக்கா.

அதுதான் என் பிரச்சினையே. காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஈரப்பசையும் நடுவில் புகுந்து கூடையை அமுக்கிக்கொள்ளும். காற்றில்லாத பெட்டிக்குள் ஒழுங்காக ஓடும் எலக்ட்ரான், வெளியே கொண்டுவந்ததும் படுத்துவிடும். உலகம் முழுக்க இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு இதே தலைவலி. காற்றில் வைத்தாலும் எலக்ட்ரானைக் கடத்தும் மூலக்கூறு ஒன்றைச் செய்து காட்டுவதுதான் என் ஆய்வு.

மூலக்கூறின் நடுப்பகுதி தட்டையான வளையங்கள். அதன் இரு பக்கமும் நான் கைகளை ஒட்டுவேன். கை நீளமாக இருந்தால் நன்றாகக் கரையும், ஆனால் மூலக்கூறுகள் ஒன்றுக்கொன்று தள்ளி நின்றுவிடும். கையைக் குட்டையாக்கினால் நெருங்கி அடுக்கிக்கொள்ளும், ஆனால் எதிலும் கரையாமல் குடுவையின் அடியில் சேறாக உட்கார்ந்துவிடும். அந்தச் சேற்றைச் சுரண்டிச் சுரண்டியே பல விடுமுறைகளைக் கழித்தேன். தீபாவளிக்குக்கூட ஒருமுறை சுரண்டியிருக்கிறேன். வீட்டில் பட்சணம் மாமியார்தான் செய்தார்.

எங்கள் கல்லூரி ஆய்வகம் பெரிய ஆராய்ச்சி நிலையம் அல்ல. தரைத்தளத்தில், வடக்குப் பார்த்த ஜன்னலோடு ஒரு அறை. புகையை வெளியே இழுக்கும் கூண்டின் மோட்டார் பழுதாகி, அதைச் சரிசெய்ய எழுதிப் போட்டது எங்கோ தூங்கிக்கொண்டிருந்தது. அதனால் ஜன்னல் எப்போதும் திறந்தே இருக்கும். அளப்பதற்கு நான் ஒரு எவர்சில்வர் டப்பாவைத் துளை போட்டு வைத்திருந்தேன். உள்ளே சிலிக்கான் சில்லு, அதன் மேல் என் மூலக்கூறு மெல்லிய படலமாக, அதைத் தொட்டபடி இரண்டு ஊசிகள். டப்பாவுக்குள் நைட்ரஜன் வாயுவை விட்டு அளக்க வேண்டும். சுற்றிலும் இத்தனை ஆலைகள் இருந்தும் எங்களுக்கு ஒரு சிலிண்டர் வந்து சேர்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றுவிட்டால் சிலிண்டர் வண்டியும் அதற்கு நடுவில் நிற்கும்.

அப்படிச் சிலிண்டர் வராத ஒரு நாள், வெறும் காற்றிலேயே அளந்து பார்த்தேன். எப்படியும் படுத்துவிடும், அதையும் ஒரு வரி எழுதி வைப்போம் என்ற சலிப்பில்தான். மார்கழி, வடக்கிலிருந்து சிலுசிலுவென்று காற்று. திரையில் கோடு நான் நினைத்தபடியே தரையோடு ஊர்ந்துகொண்டிருந்தது. நான் விடைத்தாள் கட்டை எடுத்துத் திருத்த உட்கார்ந்தேன். மறுபடி நிமிர்ந்து பார்த்தபோது கோடு ஏறிக்கொண்டிருந்தது.

முதலில் ஊசி எங்கோ தொட்டுவிட்டது என்று நினைத்தேன். எடுத்து மறுபடி வைத்தேன். ஏறியது. வேறு சில்லை மாற்றினேன். அதுவும் ஏறியது. எலக்ட்ரான் ஓடுகிறது! காற்றில், வெறும் காற்றில், திருவொற்றியூர்க் காற்றில் ஓடுகிறது! எனக்குக் கைகால் ஓடவில்லை. அழுதேன், சொல்வதற்கென்ன. அப்போது போன் அடித்தது.

“இன்னிக்கினா…” என்று ஆரம்பித்த அக்காவுக்கு இருமல் வந்துவிட்டது. நீண்ட இருமல். “…காத்தே கலீஜா கீதுடி. கண்ணு எரியிது. தொண்டைல மொளகாத்தூள் போட்டாப்ல கீது.”

“ஜன்னல சாத்துக்கா. துணிய நனைச்சு மூக்குல வச்சுக்கோ. பம்பு எடுத்தியா?”

“எட்தேன், எட்தேன். அத்த வுடு. ஓடிச்சா?”

“ஓடிச்சுக்கா!”

இருமலுக்கு நடுவே அவள் சிரித்தாள். “நெஜமாவா? அப்ப பொட்டி கட்டிடவா?”

கட்டுக்கா என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன், பாதி விளையாட்டாக.

அதன் பிறகு சில நாள் ஏறும், சில நாள் ஏறாது. ஏறாத நாளில் ஈரப்பசை அதிகம் என்று நினைத்தேன், கரண்ட் ஏற்ற இறக்கம் என்று நினைத்தேன், படலம் சரியாகப் படியவில்லை என்று நினைத்தேன். ஏறும் நாளில் எதையும் நினைக்கவில்லை. சந்தோஷத்தில் இருப்பவருக்குக் காரணம் தேவைப்படுவதில்லை.

என் ஆய்வு வழிகாட்டி தென்சென்னையில் ஒரு பெரிய நிலையத்தில் இருப்பவர். கைடு என்றுதான் எல்லாரும் சொல்வோம். நல்ல மனிதர், கொஞ்சம் சந்தேகப் பிராணி. போனில் சொன்னதும், “காத்துலயா? சில்லை எடுத்துட்டு வாங்க” என்றார். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ரயில் மாறிப் போனேன். அவருடைய ஆய்வகத்தில் காற்றில்லாத பெட்டிக்குள் வைத்து அளந்தோம். சுமாராக ஓடியது. வெளியே எடுத்துக் காற்றில் வைத்தோம், செத்துப்போயிற்று. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

“வர்ற வழியில கெட்டிருக்கும் சார்” என்றேன்.

“இருக்கலாம்” என்றார். இருக்கலாம் என்று அவர் சொன்னால் இருக்காது என்று அர்த்தம்.

மறுவாரம் என் ஆய்வகத்தில் அதே சில்லு, அதே டப்பா, கோடு ஜம்மென்று ஏறியது. படம் எடுத்து அனுப்பினேன். நேரில் வந்து பார்க்கிறேன் என்று பதில் போட்டார்.

இதற்குள் அக்கா நிஜமாகவே பெட்டி கட்டிவிட்டாள். எர்ணாவூரில் அவள் உட்காரும் இடத்தைப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள். மீன் வெட்டும் அருவாமணையையும் அலுமினியக் கூடைகளையும்கூட அவளுக்கே கொடுத்துவிட்டாள். “தாம்பரத்துல அதெல்லாம் எதுக்கு? என் தங்கச்சி டாக்டரம்மா ஆவப் போறா” என்று குப்பம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள். அவசரப்படாதே என்று நான் சொன்னது அவள் காதில் ஏறவில்லை. எனக்கும் அதை அழுத்திச் சொல்ல மனம் வரவில்லை. அவள் சந்தோஷமாக இருந்தாள்.

கைடு வந்த நாள் காலையில் அக்கா போன் செய்தாள். காற்று மறுபடி கலீஜாக இருக்கிறது, இரண்டு தரம் பம்பு அடித்தும் அடங்கவில்லை என்றாள். வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். சாயந்திரம் வருகிறேன் என்றேன். “நீ மொதல்ல உன் சாருக்கு ஓட வுட்டுக் காட்டு” என்றாள்.

கைடு காரிலிருந்து இறங்கினார். ஆய்வகக் கதவுக்கு வருவதற்குள் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார். கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது.

“என்னம்மா இது, இப்படி நாறுது?”

“எது சார்?”

“எதுவா? அம்மோனியா! ஏதாவது பாட்டில் திறந்து கிடக்கா?”

எனக்கு ஒன்றும் நாறவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், ஒன்றுமே தெரியவில்லை. பாட்டில் அலமாரியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து மூடியைத் திருகிப் பார்த்தேன். எல்லாம் இறுக்கமாக இருந்தன. அம்மோனியா பாட்டில் சீல்கூட உடைக்காமல் இருந்தது. நான் பாட்டில்களைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வடக்குக் காற்றில் ஜன்னல் கதவு மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

“உங்களுக்கு நிஜமாவே தெரியலையா?” என்றார். கேலி இல்லை, அனுதாபம்தான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

திரையில் கோடு ஏறிக்கொண்டிருந்தது. அவர் போய் ஜன்னலைச் சாத்தினார். சிலிண்டரில் மிச்சம் இருந்த நைட்ரஜனை டப்பாவுக்குள் விடச் சொன்னார். கோடு மெல்ல இறங்கி, நைட்ரஜனில் எப்போதும் நிற்கும் சுமாரான உயரத்துக்கு வந்தது. பிறகு அம்மோனியா பாட்டிலின் சீலை உடைத்து, பஞ்சில் ஒரு சொட்டு தொட்டு, டப்பாவின் துளைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். கோடு விருட்டென்று எழுந்து நின்றது.

விளக்கவே தேவையில்லை, இளங்கலைப் பசங்களுக்கு நானே நடத்துவதுதான். அம்மோனியா எலக்ட்ரானைத் தாராளமாகக் கொடுக்கும் பொருள். என் மூலக்கூறு எலக்ட்ரானுக்கு அலைவது. கூடையை ஆக்சிஜன் அமுக்க அமுக்க, அம்மோனியா புதுக் கூடைகளைக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறது. என் வடிவமைப்பு ஒன்றும் ஜெயிக்கவில்லை. எங்கோ ஓர் ஆலையிலிருந்து கசிந்த வாயு என் டப்பாவுக்குள் வந்து எனக்காக வேலை பார்த்திருக்கிறது.

வெளியூரிலிருந்து யார் வந்திருந்தாலும் முதல் நாளே மூக்கைப் பொத்தியிருப்பார்கள். வாய்விட்டுக் கேட்டிருப்பார்கள். நானோ இந்தக் காற்றில் பிறந்து, இந்தக் காற்றிலேயே பள்ளிக்கூடம் போய், இந்தக் காற்றில் நின்று வேதியியல் நடத்துபவள். அம்மோனியாவின் குணங்கள் என்று கரும்பலகையில் ‘கூர்மையான நெடி உடையது’ என்று வருடா வருடம் எழுதிப் போடுகிறேன். அந்த நெடி ஜன்னல் வழியாக உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. என் மூக்கின் மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. யாரைத் திட்டுவது என்று தெரியாத ஆத்திரம். எந்த ஆலை என்று இன்றுவரை யாரும் சொன்னதில்லை. கேட்டால் ஒவ்வொருவரும் பக்கத்துக் காம்பவுண்டைக் காட்டுவார்கள்.

அதோடு இன்னொன்றும் அந்த நிமிடத்தில்தான் உறைத்தது. கோடு ஏறிய நாளெல்லாம் அக்கா இருமிய நாள். வடக்கே அவள் வீட்டைத் தாண்டித்தான் அந்தக் காற்று என் ஜன்னலுக்கு வருகிறது. அவள் நெஞ்சுக்குள் போய்விட்டு வந்ததைத்தான் நான் ஆனந்தக் கண்ணீரோடு அளந்துகொண்டிருந்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

கைடு ஆறுதலாகத்தான் பேசினார். “இது தோல்வி இல்லம்மா. இவ்வளவு கம்மியான அம்மோனியாவை உணர்ற படலம் கிடைச்சிருக்கு. உணரின்னு ஒரு கட்டுரை எழுதிடலாம். ஆனா பட்டத்துக்கு மூலக்கூறை மாத்தணும். காத்து அதைத் தொடவே கூடாது.”

“எவ்வளவு நாள் ஆகும் சார்?”

அவர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். புதிய மூலக்கூறு என்றால் என்ன என்பது இருவருக்கும் தெரியும். தாம்பரத்து வேலை அவ்வளவு நாள் காத்திருக்காது என்பதும் தெரியும். அது காத்திருக்கவும் இல்லை. வேறு யாருக்கோ போயிற்று.

சொன்னபடி சாயந்திரம் நெட்டுக்குப்பம் போனேன். அக்கா கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தோள்பட்டை மேலும் கீழும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மூலையில் கயிறு போட்டுக் கட்டிய அவளுடைய பெட்டி. அதைப் பார்க்காமல் பேச வேண்டும் என்று நினைத்தேன், முடியவில்லை.

நடந்ததைச் சொன்னேன். ஓடியது எலக்ட்ரான்தான், ஆனால் ஓட்டியது இந்தக் காற்று என்றேன். அவள் மூலையிலிருந்த பெட்டியைப் பார்த்தாள்.

“அப்ப அந்த டப்பாக்கு இந்த நாத்தம் புடிச்சிக் கீதா?”

“ஆமாக்கா.”

“கெட்ட காத்து வந்தா அது காட்டிக் குடுத்துடுமா?”

“குடுக்கும். துளியூண்டு வந்தாலும் தெரிஞ்சுடும். கருவி மாதிரி செஞ்சு வைக்கலாம்னு சார் சொல்றாரு.”

“சரி,” என்று மூச்சு வாங்கினாள். “அது சொன்ன ஒடனே நாங்க எங்கத்தடி ஓடறது?”

அவள் கிண்டலாகக் கேட்கவில்லை. ஏதோ ஒரு இடம் இருக்கிறது, படித்த தங்கைக்கு அது தெரிந்திருக்கும் என்று நம்பித்தான் கேட்டாள். கிழக்கே கடல், மேற்கே லாரிகள், வடக்கே புகைபோக்கிகள். தெற்கே என் வீடு, அதே காற்று. நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் அவள் பெட்டியைப் பிரித்துவிட்டாள். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் போய்க் கூடையையும் அருவாமணையையும் திருப்பிக் கேட்க வேண்டியிருந்தது. அந்தப் பெண் முகம் சுளிக்காமல் கொடுத்துவிட்டாளாம். எர்ணாவூரில் இடத்தையும் பாதி விட்டுக்கொடுத்தாளாம். “பாவம்டி அது, ஒரு வார்த்த கேக்கல” என்றாள் அக்கா. கேட்காததுதான் அவளுக்கு வலித்திருக்கிறது என்று குரலிலேயே தெரிந்தது. எனக்கும் வலித்தது. என் எலக்ட்ரானை நம்பி ஊரெல்லாம் சொல்லிவைத்தவள் அவள்.

நான் மறுபடி மூலக்கூறுக்குப் போனேன். வேறு போக்கிடம் இல்லை. இந்த முறை பக்கக் கைகளை மாற்றினேன். ஹைட்ரஜன் இருந்த இடத்தில் ஃப்ளோரின் அணுக்களை வைத்தேன். நான்ஸ்டிக் தவாவில் பூசியிருப்பார்களே, அந்தச் சாதிப் பொருள். எதுவும் அதில் ஒட்டாது. அந்தக் கைகள் ஒன்றோடொன்று நெருக்கமாக நின்று சுவர் போலச் சூழ்ந்துகொண்டால், உள்ளே எலக்ட்ரான் பாட்டுக்குக் கைமாறிக்கொண்டிருக்கும், வெளியே எந்தக் காற்று அடித்தாலும். காகிதத்தில் வரைய ஒரு மத்தியானம் போதும். செய்து முடிக்க இரண்டு மழைக்காலம் போயிற்று. மறுபடி சேறு, மறுபடி சுரண்டல். ஒருமுறை வெள்ளத்தில் ஆய்வகத்துக்குள் தண்ணீர் வந்து, குடுவைகளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

இதற்கிடையில் உணரிக் கட்டுரை வெளியாயிற்று. பாராட்டிச் சில கடிதங்கள் வந்தன. கருவியாகச் செய்து எங்கும் யாரும் மாட்டவில்லை. மாட்டியிருந்தாலும், அது சொன்னவுடன் அக்கா ஓடிப்போக ஓர் இடம் இல்லை.

அக்கா வியாபாரத்துக்குப் போவது குறைந்தது. பிறகு நின்றது. ராயபுரத்துக்கு அவளை ஆட்டோவில்தான் கூட்டிப்போக முடிந்தது. டாக்டர் இப்போது இடத்தை மாற்றச் சொல்வதில்லை. மருந்தை மட்டும் கூட்டி எழுதுகிறார். வாடகைக்கு வேறு பக்கம் வீடு பார்க்கிறேன் என்றால் அவள் கையை ஆட்டி வேண்டாம் என்பாள். “நீ கெலிச்சிட்டு வா, போவலாம்” என்பாள், பட்டம் வந்தால் வேறொரு கல்லூரி கிடைக்காமலா போகும் என்ற நம்பிக்கையில். நான் வற்புறுத்திய நாட்களில் பேச்சை மாற்றிவிடுவாள். போனில் மட்டும் ‘ஓடிச்சா’ என்ற கேள்வி நிற்கவில்லை.

போன மார்கழியில் புதிய மூலக்கூறைக் காற்றில் வைத்து அளந்தேன். கைடின் ஆய்வகத்தில் ஏற்கெனவே ஓடிவிட்டது. பெட்டிக்குள்ளும் ஓடியது, வெளியே காற்றிலும் ஓடியது. கடைசியாக என் ஜன்னலோரம் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று அவரே சொன்னார். வீடியோ அழைப்பில் திரையை அவருக்குக் காட்டிக்கொண்டு, ஜன்னலை அகலத் திறந்துவைத்தேன். வடக்குக் காற்று. கோடு தன் உயரத்துக்குப் போய் நேராக நின்றது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கயிறு கட்டி இழுத்தது போல ஒரே நேர்க்கோடு.

“பிரமாதம்மா!” என்றார் கைடு. “இன்னிக்கு அங்க காத்து எப்படி? அம்மோனியா இருக்கா?”

மூச்சை இழுத்துப் பார்த்தேன். என் மூக்குக்கு எப்போதும்போல ஒன்றும் தெரியவில்லை. டப்பாவுக்கும் தெரியவில்லை. அதற்குத் தெரியக்கூடாது என்றுதானே இத்தனை பாடுபட்டேன்.

மேஜை மேல் வைத்திருந்த என் இன்னொரு போன் அடித்தது. அக்கா. கைடிடம் ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டு எடுத்தேன். அவளுக்குப் பேச்சு வரவில்லை. இழுத்து இழுத்து விடும் மூச்சு மட்டும் கேட்டது, விசில் சத்தத்தோடு. காற்று எப்படி என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

“அக்கா, பேசாத. பம்பு எடு. ஆட்டோ புடிச்சுகினு வரேன்.”

மூச்சு ஒருமுறை நின்றது. பிறகு ஒவ்வொரு எழுத்தாக வந்தது.

“ஓ… டிச்… சா?”

“ஓடிச்சுக்கா,” என்றேன். “இப்ப எந்தக் காத்து அடிச்சாலும் ஓடும்.”

அந்தப் பக்கம் சிரிக்க முயன்றாள் என்று நினைக்கிறேன். திரையில் கோடு அசையாமல் நேராகப் போய்க்கொண்டிருந்தது. ஜன்னலைச் சாத்திக்கொள், துணியை நனைத்து மூக்கில் வைத்துக்கொள் என்று எப்போதும் சொல்வதையே சொல்லிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.